படகிலேயே குடியிருந்து பாய் விரிக்கப் பழகுபவருக்கு: கோளாறு ஓர் இடம், அறிகுறி வேறு இடம்

சுக்கான் கனக்கிறதென்று சுக்கானைக் கழற்றிப் பார்த்தவன் நான். இரண்டு மாலைப்பொழுது போனது, முழங்கைவரை கிரீஸ் ஆனது, சுக்கானில் ஒரு குறையும் இல்லை. பாயை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். படகுக்குக் குடிவந்த முதல் வருடம் முழுக்க இதே கதை. வலிக்கிற இடத்தைத் தடவிக்கொண்டிருப்பேன், நோய் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும். அதனால் இதை உறுப்பு உறுப்பாக எழுதாமல், உங்கள் கைக்கும் காதுக்கும் மூக்குக்கும் முதலில் எது தட்டுப்படுமோ அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மனதில் வைத்து எழுதுவது 9, 10 மீட்டர் நீளப் படகு. ஒற்றைப் பாய்மரம், பெரிய பாய், முன்பாய், உள்ளே சின்ன டீசல் எஞ்சின். பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் குறுக்குக் கட்டை பூம். பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் கயிறு ஷீட். படகின் மூக்கை அணியம் என்றே சொல்கிறேன்.

பாய் படபடக்கிறது, படகு நகர மறுக்கிறது

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கருவியைப் பார்க்க வேண்டாம். முகத்தை மெல்லத் திருப்புங்கள், இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் சமமாகக் கேட்கும்போது மூக்கு காட்டும் திசைதான் காற்றின் திசை. அந்தத் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 டிகிரிக்குள் சாதாரணப் படகு எதுவும் பாயால் முன்னேறாது. நீங்கள் அந்த ஆப்புக்குள் நின்றுகொண்டு ஷீட்டை எவ்வளவு இழுத்தாலும் பாய் கொடிபோல அடித்துக்கொண்டுதான் இருக்கும். அணியத்தைக் காற்றிலிருந்து விலக்குங்கள், பாய் நிரம்பும்.

விலக்கவே முடியவில்லையா? படகு காற்றுக்கு நேராக நின்று, மெதுவாகப் பின்னோக்கி நழுவுகிறது. இந்த நிலையில் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அணியம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கமே டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைக்கட்டையை, தள்ளுங்கள். வீல் வைத்த படகென்றால் அதற்கு எதிர்ப்பக்கம். கூடவே பெரிய பாயின் ஷீட்டைத் தளர்த்திவிட்டு, முன்பாயை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முன்பாய் இடப்பக்கம். காற்று அதன் முதுகில் அறைந்து அணியத்தைத் தள்ளிவிடும். இப்படி மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வேகமில்லாமல் திரும்பப் பார்த்தது. திரும்புவதற்கு முன் அரை நிமிடம் சற்று விலகி ஓட்டி வேகம் பிடியுங்கள்.

படகு ஓடுகிறது, ஆனால் சோம்பலாக ஓடுகிறது என்றால் முன்பாயின் முன்விளிம்பருகே ஒட்டியிருக்கும் சிறு நூல்களைக் கவனியுங்கள். பாயின் இரு முகத்திலும் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் கிடையாகப் பின்னால் பறந்தால் பாய் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் ஷீட்டை இழுக்க வேண்டும், அல்லது காற்றிலிருந்து விலக வேண்டும். மறுபக்கத்து நூல் துள்ளினால் ஷீட்டை விட வேண்டும், அல்லது காற்றை நோக்கிச் சற்று ஏற வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு பத்தில் ஒன்பது முறை இந்த இரண்டாவதுதான். பாயை இறுக்கினால் வேகம் வரும் என்று கை நினைத்துக்கொள்கிறது. படபடக்கும்வரை விட்டு, படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். நூல் இல்லாத படகில் பழைய ஒலிநாடாவின் துண்டு இரண்டு போதும்.

சுக்கான் கனக்கிறது, விட்டால் படகு தானே காற்றைப் பார்த்துத் திரும்புகிறது

நான் கிரீஸ் பூசிக்கொண்ட கதை இதுதான். காற்று ஏற ஏறப் படகு சாயும். சாயும்போது பாயின் உந்துவிசை படகின் நடுக்கோட்டிலிருந்து விலகி, தண்ணீருக்கு வெளியே ஒரு பக்கமாகப் போய்விடுகிறது. மாட்டுவண்டியில் ஒரு மாட்டை மட்டும் பூட்டினால் வண்டி எப்படி ஒரு பக்கம் இழுக்குமோ அப்படி அணியம் காற்றை நோக்கி இழுக்கும். நீங்கள் சுக்கானைத் திருப்பி அதை எதிர்ப்பீர்கள். அந்தத் திருப்பிய சுக்கான் தண்ணீரில் பிரேக் போட்டுக்கொண்டே வரும்.

ஆகவே கையில் கனம் தெரிந்தால் கண் பாய்க்குப் போக வேண்டும். முதலில் பெரிய பாயின் ஷீட்டை ஒரு கை அளவு விடுங்கள். சாய்வு குறையும், சுக்கான் லேசாகும். லேசாகவில்லையென்றால் பாய் அதிகம், சுருக்குங்கள். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். 10 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற வேக அளவு) காற்று 15 ஆனால் பாயின்மேல் அழுத்தம் 2.25 மடங்கு, 20 ஆனால் 4 மடங்கு. கருவியில் எண் சாதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போதே பாய் மூர்க்கமாகிவிடுவது இதனால்தான்.

எப்போது சுருக்குவது? சமையல் மேடைக்கு மேலே ஒரு நூலில் நட் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் சுவரில் பென்சிலால் 10, 15, 20 டிகிரிக் கோடுகள் கிழித்து வைத்திருக்கிறேன். நட் 20ஐத் தாண்டி நின்றால் ரீஃப், அதாவது பாயைச் சுருக்கு. நல்ல மாலுமிகள் அதற்கும் முன்பே, 'சுருக்கலாமோ' என்ற எண்ணம் முதன்முதலில் தலைகாட்டும்போதே சுருக்கிவிடுவார்கள். முதல் தடவை சுருக்கியபோது வேகம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை, சாய்வு போனதால் படகு முன்பைவிட நேராக ஓடியது.

வரிசை இது: பெரிய பாயின் ஷீட்டை விடு, ஏற்றுக்கயிற்றை இறக்கு, பாயின் முன்கண்ணை (முன்விளிம்பில் இருக்கும் வளையத்தை) கொக்கியில் மாட்டு, ஏற்றுக்கயிற்றை மறுபடி இறுக்கு, பின்முனையின் ரீஃப் கயிற்றை இழுத்து இறுக்கு, ஷீட்டை எடு. ஷீட்டை விடாமல் பாயை இறக்கப் பார்த்தால் காற்று அதைப் பிடித்துக்கொண்டு தராது. காற்றே இல்லாத ஒரு காலையில், துறையில் கட்டியிருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை பழகுங்கள். இரவில் மழையில் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

கொஞ்சம் கனம் இருப்பது நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுக்கான் 3, 4 டிகிரி திரும்பியிருந்தால் போதும். கை நழுவினால் படகு காற்றை நோக்கித் திரும்பித் தானே நின்றுவிடும். மாறாக, விட்டால் காற்றிலிருந்து விலகி ஓடுகிற படகு ஆபத்து. முன்பாய் பெரிதாகவும் பெரிய பாய் தளர்ந்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்காற்றில் முன்பாய் தொய்ந்து விழுகிறது, பூம் லேசாகத் துள்ளுகிறது

இதற்கு யோசிக்க நேரமில்லை. காற்று பெரிய பாயின் பின்னால் புகப்போகிறது, பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும், வழியில் தலை இருந்தால் தலை. 'குனி' என்று கத்திவிட்டு, பூம் நீட்டியிருக்கும் பக்கத்துக்கு எதிராக, அதாவது காற்றை நோக்கி, அணியத்தைச் சற்றே திருப்புங்கள். முன்பாய் மறுபடி நிரம்பும். அதன்பிறகு பூமின் முனையிலிருந்து ஒரு கயிற்றை அணியத்துக்குக் கொண்டுபோய்க் கட்டி வையுங்கள். நேர் பின்காற்றில் போவதைவிட 20 டிகிரி விலக்கி ஓட்டினால் தூரம் கூடும், தலை தப்பும்.

எஞ்சின் ஓடுகிறது, பின்னால் தண்ணீர் துப்பவில்லை

படகு எஞ்சின் கடல் நீரை உறிஞ்சிக் குளிர்ந்து, அந்த நீரைப் புகையோடு சேர்த்து வெளியே துப்புகிறது. ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பார்ப்பது பல் துலக்குவதுபோல வழக்கமாக வேண்டும். காதும் சீக்கிரம் பழகிவிடும். தண்ணீரோடு வரும் சத்தம் குபுகுபுவென்றிருக்கும், தண்ணீர் இல்லையென்றால் வறண்டு, உரக்க, ஓட்டைக் குடத்தில் பேசுவதுபோல இருக்கும்.

உடனே நிறுத்துங்கள். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா? (மூடி வைத்தது நீங்களாகத்தான் இருக்கும்.) அடுத்து வடிகட்டிக் கிண்ணம், பாசியும் பிளாஸ்டிக் பையும் அதில் அடைக்கும். அதன் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அதுவும் சரியென்றால் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர். வறண்டு ஓடினால் சில நிமிடங்களிலேயே அதன் இதழ்கள் கிழிந்துவிடும். கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு குழாய்வழி போய் வெப்பமாற்றியின் வாயில் சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் அடுத்த வாரம் இதே பக்கத்தைத் திரும்பப் படிப்பீர்கள்.

துறையில் நன்றாக ஓடும் எஞ்சின் அலையில் மடிகிறது

டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடு, அலை குலுக்கியதும் எழுந்து வந்து ஃபில்டரை அடைக்கிறது. எஞ்சின் ஒரு மூச்சுத் திணறல் திணறி, வேகம் ஏறி இறங்கி, நின்றுவிடும். டீசலில் சேர்ந்த தண்ணீரும் அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில் வளரும் கிருமிகளும்தான் கசடுக்கு ஊற்று. ஃபில்டரை மாற்றியபின் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலிருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள், நுரை நின்று குமிழில்லாத டீசல் வரும்போது திருகை இறுக்குங்கள். இதை ஒருமுறை துறையில் செய்து பழகாதவர் கடலில் செய்ய முடியாது, டீசல் வாசனையும் ஆட்டமும் சேர்ந்து குடலைப் புரட்டிவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. எஞ்சின் நின்றதும் எஞ்சின் அறைக்குள் தலையை விடாதீர்கள். பாயை விரியுங்கள், அல்லது நங்கூரத்தைப் போடுங்கள். படகு பத்திரமானபிறகு ஸ்பானர். குறுகிய வாய்க்கால்களில் போகும்போது பாயின் உறையைக் கழற்றி, நங்கூரத்தைத் தயாராக வைத்துக்கொண்டே போவது இதற்காகத்தான்.

ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால் வெட்கப்படாமல் மூன்றைப் பாருங்கள்: நிறுத்தும் லீவர் இழுத்தபடியே இருக்கிறதா, கியர் நடுவில் இருக்கிறதா, பேட்டரி ஸ்விட்ச் போட்டிருக்கிறதா. ஸ்டார்டரை நீண்ட நேரம் சுற்றவிடுவதாக இருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது உறிஞ்சிய நீரைத் தள்ள புகைக்கு வேகமில்லை. அது சைலன்சரில் நிரம்பி, திரும்பி சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். ஸ்டார்ட் ஆன கணத்தில் வால்வைத் திறக்க மறந்தால் மேலே உள்ள தலைப்புக்குத் திரும்புங்கள்.

ரிவர்ஸ் எடுத்தால் படகு ஒரு பக்கமே இழுக்கிறது

சுக்கான் கோளாறு இல்லை, புரொப்பெல்லரின் குணம். துறையில் கட்டியிருக்கும்போது ரிவர்ஸ் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் கொப்பளிக்கிறது என்று பாருங்கள். பின்பகுதி அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். வலச்சுழல் புரொப்பெல்லர் (முன்னே ஓடும்போது, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்போலச் சுற்றுவது) ரிவர்ஸில் பின்பகுதியை இடப்பக்கம் இழுக்கும். தெரிந்துகொண்டால் எந்தப் பக்கமாகத் துறையை அணைவது என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

தரைப்பலகையைத் தூக்கினால் தண்ணீர்

ஒருநாள் காற்றை எதிர்த்து இரண்டு மணி நேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடினேன். கீழே இறங்கினால் கால் நனைகிறது. தலையணை மிதக்கவில்லை, ஆனால் மிதக்கும் யோசனையில் இருந்தது. வி.எச்.எஃப் ரேடியோ கையில், அவசர அழைப்புக்கான சானல் 16, வாய் உலர்ந்துவிட்டது. அப்போதுதான் பாத்திரம் கழுவும் தொட்டியில் கடல் ததும்பி வழிவது கண்ணில் பட்டது. படகு சாய்ந்ததில் தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே போய், கழிவுக் குழாய்வழி கடல் நேராக ஏறி வந்திருக்கிறது. வால்வை மூடினேன், முடிந்தது.

ஆகவே முதல் கேள்வி: உப்பா, நன்னீரா? விரல் நுனியால் தொட்டு நாக்கில் வையுங்கள், பிறகு வாயைக் கொப்பளியுங்கள். டீசல் மிதந்தால் நக்க வேண்டாம். ஒரு கரண்டி நீரை வெயிலில் வற்றவிட்டால் உப்புப் பூக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நன்னீர் என்றால் மூழ்கப்போவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் இணைப்பு, ஜன்னல் ஓரம், மழைக்குப் பாய்மரத்தின் உள்ளே வழியும் நீர், ஃப்ரிட்ஜில் உருகிய பனி, இவற்றில் ஒன்று.

உப்பு என்றால் எவ்வளவு வேகம் என்பது அடுத்த கேள்வி. தரைப்பலகைக்குக் கீழே சேரும் நீரை வெளியேற்றும் பம்ப் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு கடலோடு தொடர்புள்ள ஒவ்வொரு துளையாகப் போங்கள். புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் திணித்த கயிறு இருந்தால், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். நின்றபிறகும் ஒழுகினால் நட்டைச் சிறிது இறுக்குங்கள், அதிகம் இறுக்கினால் தண்டு சூடேறும். அடுத்து வால்வுகளும் ஹோஸ்களும். அதற்கடுத்துக் கழிப்பறை. அதன் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே வளைந்து, வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வு இருக்க வேண்டும். அந்த வால்வு உப்பால் அடைத்துக்கொண்டால், தோட்டக்குழாயில் தண்ணீர் இறங்குவதுபோலக் கடல் இரவு முழுக்க உள்ளே இறங்கும்.

நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. துளை ஒன்று இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் உள்ளே வரும். சின்ன மின்பம்பின் அட்டையில் எழுதியிருப்பதை நம்பி உட்கார முடியாது. ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அதற்குப் பொருந்தும் மரக்குச்சி ஆப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். எல்லா வால்வையும் மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள், அசையாத வால்வு அவசரத்தில் சுவர்தான்.

இரவில் விழித்துப் பார்த்தால் கரை இடம் மாறியிருக்கிறது

பதற்றம் வேண்டாம், படகு நங்கூரத்தைச் சுற்றி ஊசலாடியிருக்கலாம். கரையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு விளக்கும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் போல. அணியம் காற்றைப் பார்த்தே நிற்க, அந்தக் கோடு விலகி விலகித் திரும்பினால் ஊசல். ஒரே திசையில் விலகிக்கொண்டே போனால், அதிலும் படகு காற்றுக்குக் குறுக்காகத் திரும்பிக் கிடந்தால், நங்கூரம் இழுபடுகிறது. சங்கிலியின்மேல் கையை வையுங்கள். பிடித்த நங்கூரத்தின் சங்கிலி இறுகும், தளரும். இழுபடும் நங்கூரம் கல்லில் உரசும் நடுக்கத்தைச் சங்கிலிவழி கைக்கு அனுப்பும். ஒருமுறை உணர்ந்தால் மறக்காது.

இடமிருந்தால் இன்னும் சங்கிலி விடுங்கள், இல்லையென்றால் எடுத்துத் திரும்பப் போடுவதுதான் வழி. காரணம் அநேகமாகக் கணக்கில் இருக்கும். ஆழம் 4 மீட்டர் என்று பார்த்துவிட்டு 20 மீட்டர் விட்டிருப்பீர்கள். அணியம் நீருக்கு மேலே 1 மீட்டர், ஓதம் ஏறினால் இன்னும் 2 மீட்டர், ஆக 7. சங்கிலி என்றால் அதன் 5 மடங்கு, 35 மீட்டர். பெரும்பகுதி கயிறு என்றால் 7 மடங்கு. போட்டபின் ரிவர்ஸில் மெல்ல இழுத்துப் புதைக்காமல் தூங்கப்போகாதீர்கள்.

விளக்கு மங்குகிறது, ஃப்ரிட்ஜ் முனகுகிறது

ஈய அமில பேட்டரி என்றால், சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும், அதனால் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது 50. ஃப்ரிட்ஜ் 4 ஆம்பியர் எடுத்து நாளில் பாதி நேரம் ஓடினாலே 48 தீர்ந்தது. சூரியத் தகடு வாங்கும் முன் ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரைப் பாருங்கள். எஞ்சினுக்குத் தனி பேட்டரி வையுங்கள், வீட்டுச் செலவு அதைத் தொடக்கூடாது.

சுவர் வியர்க்கிறது, மெத்தையின் அடியில் பூஞ்சை

கசிவென்று நினைத்து ஜன்னலுக்குப் பசை பூசாதீர்கள். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு உங்கள் மூச்சும் சேர்ந்து குளிர்ந்த சுவரில் படிகிறது. சமைக்கும்போது மேல்வாசலைத் திறந்து வையுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றோட மரச்சட்டம் போடுங்கள்.

கேஸ் வாசனை வந்தால் மட்டும் இது வேறு கதை. அது காற்றைவிடக் கனமானது, தரைப்பலகைக்குக் கீழே தேங்கி நிற்கும். சிலிண்டரை மூடுங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், மின்பம்பையும்கூட. எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

ராத்திரி பாய்மரம் டிங் டிங் என்று அடிக்கிறது

ஏற்றுக்கயிற்றைப் பக்கக் கம்பிக்கு இழுத்துக் கட்டுங்கள். பக்கத்துப் படகுக்காரர் நன்றி சொல்வார்.

படகு முன்போல ஓடவில்லை

பாயைக் குறை சொன்னேன், புதுப் பாய் விலையெல்லாம் விசாரித்தேன். பிறகு எஞ்சினில் கறுப்புப் புகை வந்தது, டீசலைக் குறை சொன்னேன். ஒருநாள் குளிக்க இறங்கி, முகமூடி மாட்டிக்கொண்டு அடியில் பார்த்தால் புரொப்பெல்லரின் இதழே தெரியவில்லை, கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) அப்பி ஒரு காலிஃபிளவர் தொங்குகிறது. அடிப்பகுதி முழுக்கப் பாசித் தாடி. எஞ்சின் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறதா என்று மேலே ஏறி ஒருமுறை பார்த்துக்கொண்டு, தட்டையான பெயின்ட் சுரண்டியை எடுத்து மறுபடி இறங்கினேன். மூச்சுப் பிடித்துப் பிடித்து ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் அதே காற்றில் ஒரு நாட் கூடுதலாக ஓடியது.